புதுக் கார்: இணையப் புரோக்கரிடமா, பக்கத்து டீலரிடமா?

நெல்லியடியான்

வணக்கம் உறவுகளே.

வாசலில் நிற்கும் டீசல் காருக்கு வயது போய்விட்டது. 2023 ஓகஸ்டில் லண்டனின் யூலெஸ் வலயம் (புகை கூடிய பழைய வாகனங்களுக்கு நாட்கட்டணம் அறவிடும் பகுதி) எங்கள் ஹாரோவையும் விழுங்கியதிலிருந்து, அதை வீதியில் இறக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும்தான் அது வெளியே வருகிறது. போதும் என்று முடிவெடுத்துவிட்டோம். எடுக்கப்போவது டொயோட்டா கொரோலா ஹைபிரிட், பின்பக்கம் நீண்ட எஸ்டேட் வகை. அம்மாவின் சக்கர நாற்காலி பின்னால் ஏற வேண்டும், அதனால் வேறு வகை பார்க்கவில்லை.

பட்டியல் விலை 32 ஆயிரத்துக்குச் சற்று மேலே. பக்கத்து டீலர் கடைசியாக இறங்கியது 30,600 பவுணுக்கு. இணையத்தில் ஒரு புரோக்கர் அதே காரை, அதே நிறத்தில், 29,300 என்கிறார். காரைத் தரப்போவது வடக்கே யோர்க்‌ஷயரில் உள்ள ஒரு டொயோட்டா டீலராம். வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்குவார்களாம்.

வித்தியாசம் 1,300 பவுண். சின்னக் காசு இல்லை. ஆனால் முகம் பார்க்காத ஒருவரிடம் இவ்வளவு பெரிய கொடுக்கல் வாங்கலுக்கு மனம் துணியவில்லை. இதற்கிடையில் மச்சான் வேறு, "ஷோரூமில எங்கட பெடியன் ஒருத்தன் நிக்கிறான், அவனிட்டப் போ" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

புரோக்கர் மூலம் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பனங்காய்

மலிவான பக்கம் போங்கள் அண்ணை. எங்கே வாங்கினாலும் அதே கார்தானே.

மதுரைக்காரன்_எம்கே

நான் மில்டன் கீன்ஸில் இருக்கிறேன். இப்போது ஓட்டும் கார் புரோக்கர் மூலம் வாங்கியதுதான்.

முதலில் ஒரு விஷயம். புரோக்கரிடம் கார் எதுவும் கிடையாது. நாடு முழுக்கச் சில டீலர்களிடம் "ஆள் அனுப்புகிறேன், இந்த விலைக்குக் கொடு" என்று பேசி வைத்திருப்பார், அவ்வளவுதான். நீங்கள் சரி என்றதும் உங்கள் விவரம் அந்த டீலருக்குப் போகும். ஆர்டர் படிவம் டீலரிடமிருந்து வரும், பணமும் டீலருக்கே போகும். வண்டிக்கு இவ்வளவு என்று டீலர் புரோக்கருக்குக் கமிஷன் கொடுப்பார். ஆக எப்படிப் பார்த்தாலும் நீங்கள் வாங்குவது ஒரு டீலரிடம்தான். அவர் பக்கத்தில் இருப்பவரா, தூரத்தில் இருப்பவரா என்பதுதான் விஷயம்.

கார்வாவ் மாதிரியான தளங்கள் வேறு வகை. அங்கே டீலர்களே உங்களுக்கு விலை அனுப்புவார்கள், நேராக அவர்களிடமே பேசிக்கொள்ளலாம். தளம் தன் காசை டீலர் பக்கத்தில் வாங்கிக்கொள்ளும்.

வாங்குபவரிடமே கட்டணம் கேட்கும் புரோக்கர்களும் உண்டு. அப்படிக் கேட்டால் நான் அடுத்த தளத்துக்குப் போய்விடுவேன்.

இவர்களும் கல்யாணப் புரோக்கர் மாதிரிதான். இரண்டு வீட்டையும் உட்கார வைத்துப் பேசுவது வரை அவர் வேலை. தாலி ஏறின பிறகு சண்டை வந்தால் அவர் ஃபோனை எடுக்க மாட்டார்.

கொக்குவில் பூ

அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பயம்.

நான் பக்கத்து டீலரிடம் வாங்கினேன். புதுக் காரின் திரை திடீரென்று கறுத்துப் போனது. காலையில் கொண்டுபோய் விட்டேன், அன்றே ஒரு இரவல் கார் தந்து அனுப்பினார்கள். என்னோடு வேலை செய்யும் பிள்ளை தூரத்திலிருந்து இணையத்தில் வாங்கியவர். அவருக்கும் ஏதோ சின்னப் பிரச்சினை. வேறொரு டீலரிடம் போனபோது "மூன்று கிழமைக்கு இடமில்லை, இரவல் காரும் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். ஆயிரம் பவுண் மிச்சம் பிடித்துவிட்டு அவர் பஸ்ஸில் போனார்.

இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டிய எனக்கு அந்த ஆயிரம் பவுண் பெரிதில்லை.

பழைய சில்லு

தங்கச்சி சொன்னது நடக்கும். ஆனால் அது அந்தந்தக் கடையின் குணம். நான் ஓய்வு பெறும்வரை டீலர் பட்டறைகளில்தான் வேலை பார்த்தேன், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

சேர்விஸ் மேசையில் இருப்பவர் கணினியில் தட்டுவது காரின் சாசி இலக்கத்தை. உத்தரவாதம் உற்பத்தியாளருடையது. உத்தரவாத வேலைக்குப் பட்டறைக்குக் காசு கொடுப்பதும் உற்பத்தியாளர்தான். யோர்க்‌ஷயரில் விற்ற கார் என்பதற்காக ஹாரோவில் உள்ள டொயோட்டா பட்டறை அதைத் திருப்பி அனுப்புவதில்லை. இரவல் கார் மட்டும் அவர்கள் விருப்பம். அது உத்தரவாதத்தில் எழுதப்பட்ட உரிமை இல்லை, இருப்பதில் தெரிந்த முகத்துக்கு முதலில் கொடுப்பார்கள். அதை நான் மறைக்கப் போவதில்லை.

டொயோட்டாவில் இன்னொரு வசதி இருக்கிறது. முதல் உத்தரவாதம் முடிந்த பிறகு, அவர்களுடைய அங்கீகாரம் பெற்ற பட்டறையில் சேர்விஸ் செய்யும் ஒவ்வொரு முறையும் இன்னொரு 12 மாதம் அல்லது 10,000 மைலுக்கு உத்தரவாதம் நீளும். கார் 10 வயதை அல்லது 100,000 மைலைத் தொடும்வரை இது நடக்கும். எந்த ஊர்க் கிளையில் செய்தாலும் சரி, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்க மாட்டார்கள்.

வெளிப் பட்டறையில் சேர்விஸ் செய்தால் முதல் உத்தரவாதமே செத்துவிடும் என்று சில விற்பனையாளர்கள் இன்னும் பயமுறுத்துகிறார்கள். அது பொய். உற்பத்தியாளரின் அட்டவணைப்படி, தரமான உதிரிப்பாகம் போட்டுச் செய்து பில்லை வைத்திருந்தால் போதும். ஆனால் நான் மேலே சொன்ன நீட்டிப்பு வேண்டுமென்றால் டொயோட்டாவிடம்தான் போக வேண்டும்.

நெல்லியடியான்

நன்றி சில்லு அண்ணை. ஒரு சந்தேகம். யோர்க்‌ஷயர்க்காரன் மட்டும் எப்படி இவ்வளவு குறைவாகத் தருகிறான்? காரில் ஏதும் குறை இருக்குமோ?

பழைய சில்லு

குறை இருக்க வேண்டிய அவசியம் இல்லை தம்பி. டீலரின் லாபம் ஒரு காரை விற்பதில் மட்டும் வருவதில்லை. காலாண்டுக்கு இத்தனை கார் என்று உற்பத்தியாளர் இலக்கு வைப்பார். அதைத் தொட்டால் விற்ற கார்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போனஸ். இலக்குக்கு ஐந்து கார் குறைவாக நிற்கும் டீலர் அந்த ஐந்தையும் நட்டத்துக்கு விற்றாலும் கடைசிக் கணக்கில் லாபம்தான். புரோக்கர்கள் பிழைப்பது அந்த ஐந்து கார்களில்.

அதனால்தான் மார்ச், செப்டம்பர் மாதங்களில் இந்த நாட்டில் விற்பனை தலைகீழாக நடக்கிறது. புது இலக்கத்தகடு மார்ச் 1, செப்டம்பர் 1 இல் வருகிறது, இரண்டு மாதமும் காலாண்டின் கடைசி மாதம். மார்ச் கடைசிக் கிழமையில் ஷோரூமுக்குள் போய்ப் பாருங்கள், தேநீர் தரும் வேகமே வேறாக இருக்கும்.

ஒன்றை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வி5 என்ற காரின் பதிவுத் தாளில் முதல் பதிவாளராக (கீப்பர்) உங்கள் பெயர்தான் வருமா? இலக்கை எட்டுவதற்காகச் சில டீலர்கள் கார்களைத் தங்கள் பெயரிலேயே பதிந்துவிட்டு, சில மைல்கள் மட்டும் ஓடிய கார் என்று பிறகு விற்பார்கள். களவு ஒன்றும் இல்லை, சில நேரம் நல்ல பேரமும்கூட. ஆனால் உத்தரவாதக் கடிகாரம் ஏற்கனவே ஓடத் தொடங்கியிருக்கும், நீங்கள் இரண்டாவது ஆள். அதைப் புதுக் கார் விலையோடு ஒப்பிடக்கூடாது.

கணக்கப்பிள்ளை

காரைப் பற்றி சில்லு அண்ணை பார்த்துக்கொள்வார். காசைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இழையில் இதுவரை யாரும் முற்பணத்தைத் தொடவில்லை.

முற்பணத்தைக் கடன் அட்டையில் கட்டுங்கள். 1974 ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆவது பிரிவுப்படி, 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளுக்கு ஒரு பகுதியை அட்டையில் கட்டினாலும், முழு விலைக்கும் விற்பவரோடு சேர்த்து வங்கியும் பொறுப்பு. டீலர் கடையை மூடிவிட்டு ஓடினால் வங்கியிடம் கேட்கலாம்.

நெல்லியடியான் கவனிக்க வேண்டியது: இங்கே பார்ப்பது காரின் விலை, நீங்கள் அட்டையில் கட்டிய தொகை அல்ல. 30,600 என்றால் இந்தப் பாதுகாப்பு அறவே இல்லை. 29,300 என்றால் உண்டு. உங்கள் இரண்டு விலைகளும் அந்தக் கோட்டின் இரண்டு பக்கத்தில் நிற்கின்றன.

ஆனால் அட்டைக் காசு நேரே டீலருக்குப் போக வேண்டும். புரோக்கருக்கு முற்பணம், டீலருக்கு மிச்சம் என்று பிரித்தால், "நீ காசு கொடுத்தது ஒருவருக்கு, கார் தந்தது இன்னொருவர்" என்று வங்கி கையை விரிக்க இடம் இருக்கிறது. புரோக்கரின் பெயரில் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

மிச்சத்தை வங்கி மாற்றலில் கட்டும்போது: டீலரின் தொலைபேசி எண்ணை டொயோட்டாவின் சொந்தத் தளத்தில் தேடி எடுத்து, நீங்களே அழைத்து, கணக்கு இலக்கத்தை வாய்விட்டு வாசித்து உறுதி செய்யுங்கள். மின்னஞ்சலில் வந்த இலக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஒரு கடிதம் வந்தால் அது நூற்றுக்கு நூறு மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஒக்டோபர் முதல் இப்படியான மோசடியில் போன காசை 85,000 பவுண் வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஆனால் டீலர் உண்மையான டீலராக இருந்து, நொடித்துப் போனால் அது மோசடிக் கணக்கில் வராது. அங்கே 75 ஆவது பிரிவுதான் கை கொடுக்கும்.

பனங்காய்

முழுக் காசையும் கடன் அட்டையில் போட்டால் பொயின்ற்ஸ் கிடைக்காதா?

கணக்கப்பிள்ளை

தர மாட்டார்கள். 2018 தொடக்கத்திலிருந்து அட்டைக்கு மேலதிகக் கட்டணம் வாங்கக்கூடாது என்று தடை வந்தது. வங்கிக் கட்டணத்தைத் தங்கள் பையிலிருந்து கொடுக்க விரும்பாமல், அட்டையில் இவ்வளவுக்கு மேல் வாங்க மாட்டோம் என்று பல டீலர்கள் எல்லை வைத்திருக்கிறார்கள். முற்பணத்துக்கு வாங்குவார்கள், அது போதும்.

ஈஸ்ட்ஹாம் இளையவன்

நானும் வாசலில் இறக்கிய கார்தான். விலை நல்லதாகக் கிடைத்தது, பிரச்சினை எதுவும் இல்லை. ஒன்றைத் தவிர.

லொறி வந்து நின்றது செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு. மாமி கலண்டரைப் பார்த்துவிட்டு, ராகு காலம் முடியும்வரை சாவியைக் கையில் வாங்கவே கூடாது என்று கதவை மறித்துவிட்டார். சாரதி நல்ல மனிதன். வடையும் தேநீரும் கொடுத்து நாலரை மணிவரை உட்கார வைத்தோம். போகும்போது வடை எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டு போனார்.

சொல்ல வந்தது: லொறியில் ஏற்றி வருவார்களா, ஓட்டி வருவார்களா என்று முதலே கேளுங்கள். ஓட்டி வந்தால் உங்கள் புதுக் காரில் 200 மைல் ஏற்கனவே ஓடியிருக்கும், ஓட்டியது யாரென்றும் தெரியாது.

கொக்குவில் பூ

ஹா ஹா, மாமி வென்றுவிட்டார்.

நெல்லியடியான், பழைய டீசலை என்ன செய்யப் போகிறீர்கள்? டீலர் அதற்கு விலை சொன்னாரா? அந்த 30,600 க்குள் வேறு என்னென்ன இருக்கிறது?

நெல்லியடியான்

டீலர் பழைய காருக்கு 1,500 தருகிறார். புரோக்கர் பழைய கார் எடுப்பதில்லை. இணையத்தில் கார் வாங்கும் ஒரு தளத்தில் போட்டுப் பார்த்தேன், 1,100 என்று வந்தது.

டீலரின் விலைத்தாளை இப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன். அடியில் பெயின்ற் பாதுகாப்பு என்று 399 பவுண் போட்டிருக்கிறார்கள். நான் கேட்கவே இல்லை!

கணக்கப்பிள்ளை

பூ அக்கா சரியான இடத்தில் கை வைத்தார். இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

பெயின்ற் பாதுகாப்பை வெட்டினால் டீலரின் விலை 30,201. பழைய காரில் அவர் 400 பவுண் கூடத் தருகிறார். உங்கள் 1,300 பவுண் வித்தியாசம் இப்போது 501.

கார் வாங்கும்போது புதுக் காரின் விலையை மட்டும் பார்க்கக்கூடாது. பழையதைக் கொடுத்துப் புதியதை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது பையிலிருந்து எவ்வளவு போகிறது, அது ஒன்றுதான் எண். பழைய காருக்குக் கூட்டிக் கொடுத்துப் புதியதில் விலைக்கழிவைக் குறைப்பது, மாறிச் செய்வது, இரண்டுமே விற்பனையாளருக்கு ஒன்றுதான். ஒரு பைக் காசை மற்றப் பைக்கு மாற்றுகிறார், அவ்வளவே.

மதுரைக்காரன்_எம்கே

ஃபைனான்ஸ் பற்றி யாரும் கேட்கவில்லையே. முழுப் பணமும் கையில் இருக்கிறதா அண்ணே?

நெல்லியடியான்

சீட்டு எடுத்த காசும் சேமிப்பும் சேர்ந்து முக்கால்வாசி வரும். மிச்சத்துக்குக் கடன். டீலர் பிசிபி என்று ஒரு கடன் திட்டம் சொன்னார், மாதம் மாதம் கட்டி, கடைசியில் ஒரு பெரிய தொகையும் கட்டினால்தான் கார் சொந்தமாகுமாம். அதில் எடுத்தால் அவர்கள் பங்குக்கும் முற்பணத்தில் கொஞ்சம் போடுவார்களாம். புரோக்கரும் அதே மாதிரி ஒன்று சொல்கிறார்.

மதுரைக்காரன்_எம்கே

அந்தப் பங்குப் பணம் பெரும்பாலும் உற்பத்தியாளரின் நிதி நிறுவனம் தருவது. அதனால் டீலரிடம் எடுத்தாலும் புரோக்கர் வழியாக எடுத்தாலும் அது கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் விலையை ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் அதைச் சேர்த்தோ, இரண்டு பக்கமும் சேர்க்காமலோ ஒப்பிடுங்கள். புரோக்கர் தளங்களில் பெரிய எழுத்தில் போடும் விலை சில சமயம் இந்தப் பங்கையும் கழித்த விலையாக இருக்கும். ரொக்கம் என்றதும் ஏறிவிடும்.

தெரிந்தவர்கள் செய்யும் வேலை ஒன்று: பங்குப் பணத்துக்காக ஃபைனான்ஸில் எடுப்பார்கள், ஒப்பந்தம் போட்ட 14 நாளுக்குள் விலகிக்கொள்வார்கள். சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. கடன் தொகையையும் அந்தச் சில நாள் வட்டியையும் கட்டினால் போதும், கார் உங்களிடமே இருக்கும். ஆனால் விலகினால் பங்குப் பணத்தைத் திருப்பிக் கேட்போம் என்று தாளில் எழுதியிருக்கிறதா என்று முதலில் வாசியுங்கள்.

புரோக்கர் கடனும் ஏற்பாடு செய்து தருகிறார் என்றால் எஃப்சிஏ (நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். கமிஷன் எவ்வளவு என்று நேராகவே கேட்கலாம். கார்க் கடனில் மறைத்து வாங்கிய கமிஷன் விவகாரம் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வரை போய்வந்தது, அதனால் இப்போது கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்கிறார்கள்.

கணக்கப்பிள்ளை

பிசிபியில் எடுத்தால் இன்னொன்றும் மாறும். கடன் முடியும்வரை காரின் சொந்தக்காரர் நிதி நிறுவனம். கார் சரியில்லை என்றால் நீங்கள் முறையிட வேண்டியது அவர்களிடம். தீர்வு கிடைக்காவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதித்துறை ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். யோர்க்‌ஷயர் டீலரைத் துரத்தத் தேவையில்லை. தூரம் பற்றிய பயத்தில் பாதி இதிலேயே போய்விடும்.

பனங்காய்

ஏன் ஒருவரும் மின்சாரக் கார் பற்றிக் கதைக்கவில்லை? அரசாங்கம் காசு தருகிறதே.

மதுரைக்காரன்_எம்கே

தருகிறது. 2025 ஜூலையில் தொடங்கிய திட்டம். 37,000 பவுண்டுக்குள் விலையுள்ள, தகுதி பெற்ற மாடல்களுக்கு 1,500 அல்லது 3,750 பவுண்டு. டீலரே விலையில் கழித்துவிடுவார், நாம் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. புரோக்கர் "எங்கள் சிறப்புத் தள்ளுபடி" என்று காட்டுவதில் இதுவும் ஒளிந்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரக் காரில் பொதுவாகவே தள்ளுபடி அதிகம், ஏனென்றால் விற்பனையில் இத்தனை சதவீதம் மின்சாரமாக இருக்க வேண்டும் என்று அரசு வைத்த இலக்கு 2025 இல் 28, 2026 இல் 33.

டெஸ்லா வேண்டும் என்றால் புரோக்கரிடம் போய் லாபம் இல்லை. அவர்களுக்கு டீலரே கிடையாது, நேர் விற்பனைதான். மெர்சிடிஸும் 2023 தொடக்கத்தில் இங்கே முகவர் முறைக்கு மாறியது. விலையை நிறுவனமே வைக்கும், ஷோரூமில் இருப்பவர் முகவர் மட்டும். அங்கே பேரம் பேசி வாயை நோகடிக்க வேண்டாம்.

கணக்கப்பிள்ளை

விலை கூடிய கார் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி. பட்டியல் விலை 40,000 பவுணைத் தாண்டினால் இரண்டாம் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்கு வீதி வரியோடு ஒரு மேலதிக வரியும் உண்டு, 2025-26 நிதியாண்டில் அது ஆண்டுக்கு 425 பவுணாக இருந்தது. நீங்கள் பேரம் பேசி 36,000 க்கு வாங்கினாலும் பார்ப்பது பட்டியல் விலையைத்தான். உற்பத்திச்சாலையில் போட்ட வசதிகளும் அதில் சேரும். 39,700 பவுண் காருக்கு ஆசைப்பட்டு உலோக நிறம் கேட்டு, அந்த நிறத்துக்காக ஐந்து ஆண்டு வரி கட்டுபவர்கள் இருக்கிறார்கள். மின்சாரக் காருக்கு மட்டும் 2026 ஏப்ரலிலிருந்து அந்த எல்லை 50,000.

கொரோலாவுக்கு இது பொருந்தாது. திரும்பி வருவோம்.

நெல்லியடியான்

மச்சானின் "எங்கட பெடியன்" விஷயம்? போகாவிட்டால் குடும்பத்துக்குள் கதை வரும்.

ஈஸ்ட்ஹாம் இளையவன்

என் அண்ணன் அப்படித்தான் வாங்கினார், நல்ல விலை. பெடியன் மாதக் கடைசியில் தொலைபேசி எடுத்து "இண்டைக்கு வாங்கோ" என்று சொன்னான். அந்தத் தகவல் வெளியாளுக்குக் கிடைக்காது.

பழைய சில்லு

கிடைத்தால் நல்லது. ஆனால் ஷோரூமில் நிற்கும் பெடியனுக்கு விலை வைக்கும் அதிகாரம் இல்லை. மனேஜர் சொல்லும் எல்லைக்குள்தான் அவன் ஆட வேண்டும். அவனுடைய கமிஷன் காரில் மட்டும் இல்லை, கடன், பெயின்ற் பாதுகாப்பு, காப்புறுதி என்று எல்லாவற்றிலும் தொங்குகிறது. காப் காப்புறுதியை (கார் முற்றாக அழிந்தால், காப்புறுதி தரும் தொகைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள இடைவெளியை நிரப்புவது) காட்டிய அன்றே விற்கக்கூடாது என்று 2015 இல் விதி வந்ததே இந்த நெருக்குதலால்தான்.

நம்மவன் என்றால் "வேண்டாம் தம்பி" என்று சொல்ல நமக்கு வாய் வராது, அதுதான் சிக்கல். கார் பழுதானால் அதே ஷோரூமில் குரலை உயர்த்தவும் முடியாது, அடுத்த கலியாண வீட்டில் அவன் தாயோடு ஒரே மேசையில் இருக்க வேண்டும். போங்கள், ஆனால் புரோக்கரின் விலைத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அவனுக்கும் மனேஜரிடம் காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

மதுரைக்காரன்_எம்கே

காகிதத்தைக் காட்டும்போது ஒன்று. உள்ளூர் டீலர் "அந்த விலைக்கு எங்களால் கார் வாங்கவே முடியாது" என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம், அவருடைய இலக்கு வேறு. முழுசாகச் சமன் செய்யச் சொல்லாதீர்கள். "பாதி தூரம் வாருங்கள், இன்றே முற்பணம் கட்டுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

எனக்குக் கேட்டால் நான் அப்போதும் புரோக்கரைத்தான் எடுப்பேன். ஷோரூமில் உட்கார்ந்து "மனேஜரைக் கேட்டுவிட்டு வருகிறேன்" நாடகத்தைப் பார்ப்பதற்கே எனக்குப் பணம் தர வேண்டும். வீட்டிலிருந்தே வாங்கினால் தூர விற்பனைச் சட்டப்படி கார் வந்த பிறகும் 14 நாள் மனம் மாற இடமுண்டு. ஷோரூமில் கையெழுத்துப் போட்டால் அது இல்லை.

கணக்கப்பிள்ளை

அந்த 14 நாளை மிகவும் நம்ப வேண்டாம். உங்களுக்கென்றே விசேடமாகச் செய்த பொருளுக்கு அந்த உரிமை இல்லை. நீங்கள் நிறமும் வசதிகளும் தெரிவு செய்து உற்பத்திச்சாலைக்கு அனுப்பிய கார் அதில் அடங்குமா என்று டீலர் வாதம் செய்வார். கையிருப்பில் நிற்கும் கார் என்றால் சிக்கல் இல்லை. அப்படித் திருப்பினாலும் அளவுக்கு மீறி ஓடியிருந்தால் விலை இறங்கியதைக் கழிப்பார்கள்.

எங்கே வாங்கினாலும் இருக்கும் உரிமை 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். கார் பழுதாக வந்திருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கலாம். அதற்குப் பிறகு திருத்த ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். இதற்குப் பொறுப்பு விற்ற டீலர். புரோக்கரும் இல்லை, டொயோட்டாவும் இல்லை. ரொக்கத்துக்கு வாங்கி 30 நாளுக்குள் திருப்ப வேண்டி வந்தால் யோர்க்‌ஷயர் தூரம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

நெல்லியடியான்

போய் வந்தேன்.

பெடியன் நல்ல பிள்ளை. புரோக்கரின் தாளை மனேஜரிடம் கொண்டுபோனான், நாடகம் நடந்தது, தேநீரும் வந்தது. பெயின்ற் பாதுகாப்பை வெட்டிவிட்டார்கள். விலை 29,950. பழைய காருக்கு அதே 1,500.

புரோக்கர் பக்கம் 29,300, பழைய கார் 1,100. நிகர வித்தியாசம் 250 பவுண். இரவல் காரும் தருவதாக எழுதித் தந்திருக்கிறார்கள். அம்மாவைக் கிழமைக்கு மூன்று முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய வீடு எங்களுடையது, அந்த 250 ஐ இரவல் காருக்கு என்று வைத்துக்கொண்டேன். விலை 30,000 க்குக் கீழே இருப்பதால் முற்பணம் கடன் அட்டையில். கணக்கப்பிள்ளை அண்ணைக்கு நன்றி.

மார்ச் 1 க்குப் பிறகு புது இலக்கத்தகட்டோடு வரும்.

பனங்காய்

250 பவுணுக்கு எத்தனை வடை வரும் தெரியுமா.

மதுரைக்காரன்_எம்கே

வாழ்த்துகள் அண்ணே. புரோக்கர் உங்களுக்கு 650 பவுண்டு சம்பாதித்துக் கொடுத்துவிட்டுப் பைசா வாங்காமல் போகிறார் பாருங்கள். அவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, எடுக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள், அங்கே ஒரு கார் உங்களுக்காகப் பிடித்து வைத்திருப்பார்கள்.

ஒரு சந்தேகம். மார்ச் கடந்து ஏப்ரலுக்குப் போய்விட்டால் விலை அப்படியே இருக்குமா? எழுதித் தந்தார்களா?

நெல்லியடியான்

போட்டாயிற்று, அவரும் மரியாதையாகவே பதில் எழுதினார். விலையைப் பற்றிக் கேட்கவில்லையே.

கணக்கப்பிள்ளை

நாளைக்கே கேளுங்கள். ஆர்டர் தாளின் பின்பக்கம் சின்ன எழுத்தில், உற்பத்தியாளர் விலையை ஏற்றினால் நீங்கள் கட்ட வேண்டும் என்று இருக்கும். ஏற்றினால் ஆர்டரை ரத்துச் செய்து முற்பணத்தை முழுதாகத் திரும்பப் பெறலாம் என்றும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். முதல் ஆண்டு வீதி வரி, கார் பதியப்படும் நாளில் உள்ள வீதப்படிதான். ஏப்ரலில் வீதம் மாறுவது வழக்கம், அது டீலர் கையில் இல்லை.

பழைய சில்லு

கார் எடுக்கப் போகும் நாளில்: பகல் வெளிச்சத்தில் போங்கள், மழை நேரமும் வேண்டாம், நனைந்த பெயின்றில் கீறல் தெரியாது. சாசி இலக்கம் தாளில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, ஓடிய மைல் எவ்வளவு, சாவி இரண்டு, டயரைத் திருத்தும் பெட்டி, எல்லாம் பார்த்த பிறகு கையெழுத்து. சக்கர நாற்காலியைக் கூடவே கொண்டுபோய்ப் பின்னால் ஏற்றிப் பாருங்கள், பின் இருக்கையை மடிக்காமல்.

காப்புறுதிக்கு இலக்கத்தகடு எண் வேண்டும், அதை இரண்டு நாள் முன்னதாகவே பெடியனிடம் கேட்டு வாங்குங்கள்.

ஈஸ்ட்ஹாம் இளையவன்

எலுமிச்சம்பழம் நாலு. டீலரின் வாசலில் வேண்டாம், கோயிலில் வைத்து நசியுங்கள்.